‘இல்லை’ என்று சொன்னால் போதும்

கோர்ட்டில் டவாலி பெயர்களைக் கூப்பிடுவதில் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். அகரவரிசை இல்லை, வேலப்பனுக்குப் பிறகு அன்வர் வந்தார். வயதும் இல்லை. பிடிபட்ட தேதியாக இருக்குமோ என்று பக்கத்து ஆளிடம் தேதியைக் கேட்டேன். அவருக்குப் பின்னால் பிடிபட்டவர் ஒருவர் ஏற்கெனவே அபராதம் கட்டப் போய்விட்டார். கடைசியில் பெஞ்ச் கிளார்க்கின் மேசையைக் கவனித்தபோதுதான் விளங்கியது. மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கட்டின் மேல் ஒரு கருங்கல்லை வைத்திருக்கிறார், அதை எடுக்கும்போதெல்லாம் காகிதங்கள் கலைகின்றன, கைக்கு எது வருகிறதோ அதுதான் அடுத்த பெயர். கலையக்கூடியது கலைந்தே தீரும் என்று வகுப்பு வகுப்பாக வேதியியல் நடத்தியவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஆகவே பிரேமகுமாரி என்ற என் பெயர் இப்போதும் வரலாம், மத்தியானமும் வரலாம், அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இந்த அறையில் காலையிலிருந்து ஒரே சொல்தான் புழங்குகிறது. நீதிபதி என் பழைய மாணவிகளின் வயதுள்ள பெண், தலை நிமிராமல் கேட்கிறார், கூண்டில் ஏறுகிறவர் “ஒத்துக்கறேனுங்க” என்கிறார், பேனா ஓடுகிறது, அடுத்தவர். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதைவிட வேகமாக நடக்கிறது. ஒருவர் கேள்வி முடிவதற்குள்ளேயே ஒத்துக்கொண்டார், இன்னொருவர் தன் பெயரைக் கேட்டதற்கே ஒத்துக்கொண்டார். எனக்கு மட்டும் வேறு சொல் கொடுக்கப்பட்டிருக்கிறது. என் வக்கீல் பூபாலன் வராந்தாவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: “மேடம், நீங்க வேற ஒண்ணுமே பேச வேண்டாமுங்க. ஒத்துக்கறீங்களான்னு கேப்பாங்க, இல்லைன்னு சொன்னாப் போதும். மீதிய நான் பாத்துக்கறேன்.” ஒத்துக்கொண்டால் அபராதம், அதோடு ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் ரத்து. இல்லை என்றால் வாய்தா. வழக்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ நடக்கும், அதுவரை நான் ஓட்டலாம், கடைசியில் ஜெயிக்கவும் செய்வேன் என்கிறார் பூபாலன். இவ்வளவு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய பலன் நான் படித்த எந்த வினையிலும் கிடையாது, ஒரு துளி வினையூக்கி வேண்டுமானால் அப்படி வேலை செய்யும், அதுவும் தான் மாறாமல்.

பக்கத்து ஆள், வெள்ளைச் சட்டை, நாற்பது இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: “பையனுக்குங்களா?” இல்லை என்றேன். “வீட்டுக்காரருக்குங்களா?” அவர் காலமாகிவிட்டார் என்றேன். அதற்கு மேல் சாத்தியங்கள் அவரிடம் தீர்ந்துபோய்விட்டன. தம்பி, மருமகன் என்று ஒன்றிரண்டை மனசுக்குள் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பாவமாக இருந்ததால், “எனக்குத்தான்” என்றேன். அவர் சிரித்தார், நான் ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டதுபோல. சிரிப்பு அடங்கிய பிறகு என்னை மறுபடி பார்த்து, செருப்பிலிருந்து கண்ணாடிவரை பார்த்து, பெஞ்சில் அரைச்சாண் தள்ளி உட்கார்ந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக வந்திருக்கும் ஒருவர் அதே காரணத்துக்காக வந்திருக்கும் இன்னொருவரிடமிருந்து தள்ளி உட்காருவதில் உள்ள தர்க்கத்தைக் கொஞ்ச நேரம் யோசித்தேன். தர்க்கம் இல்லாமல் இல்லை. அவர் குடித்தது ஒரு தப்பு, நான் குடித்தது ஒரு செய்தி.

அன்றைக்குக் குடித்தது இரண்டு கோப்பை. பிலோமினா வீட்டுத் தோட்டத்தில், சிவப்பு வைன், நல்ல கனமான கோப்பைகள். பிலோமினா என்னோடு கல்லூரியில் வேலை பார்த்தவள், ஆங்கிலத் துறை, அன்றோடு பணி ஓய்வு. நான் ஒரு வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதால் அவளுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு வந்திருந்தது, அறிவுரைக்கு நடுவில் முதல் கோப்பை போயிற்று. எனக்கு வைன் பிடிக்கும். இதை யாரிடமும் இதுவரை ஒரு வாக்கியமாகச் சொன்னதில்லை, யாரும் கேட்காததால். நாக்கின் ஓரத்தில் அந்தத் துவர்ப்பு டானின் என்று எனக்குத் தெரியும், தெரிந்து குடிப்பது தெரியாமல் குடிப்பதைவிடச் சுகம். அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. என் கணவர் நாச்சிமுத்து இருந்தவரை எங்கள் வீட்டில் புரட்டாசிக்குக் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை ஒரு பொழுதுதான் சாப்பாடு, அவருடைய குலதெய்வம் பெருமாள். அவர் போன பிறகும் நான் விடவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் இல்லாமல் போனதும் அவருடைய பழக்கங்களில் எதையாவது ஒன்றை நாம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவருடைய மூக்குப்பொடியைவிட இது எனக்கு வசதி. பிலோமினா வீட்டிலோ மட்டன் பிரியாணி, சிக்கன், மீன், முட்டை. பிரியாணியின் ரைத்தாகூட மட்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. “ஏய் பிரேமா, தயிர்சாதமாவது போடச் சொல்லட்டா? வெறும் வயித்துல குடிக்காதடி,” என்றாள் பிலோமினா. வேண்டாம், நான் ஒரு பொழுது என்றேன். வைன் எந்த வகையில் சேரும் என்று எனக்குள் ஒரு சின்ன விவாதம் நடந்தது. திராட்சை பழம், ஈஸ்ட் காளான் வகை, கவிச்சி எதுவும் இல்லை. சாப்பாடா என்றால், மெல்லாதது சாப்பாடு ஆகாது. இப்படி விரதத்தையும் காப்பாற்றி வைனையும் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் எடை, கோப்பையின் அளவு, வைனின் சதவீதம், கழிந்த நேரம். ஐரோப்பாக்காரர் ஒருவர் போன நூற்றாண்டில் கண்டுபிடித்த சூத்திரம் அது, முதுகலை மாணவிகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பேன். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம்வரை சட்டம் அனுமதிக்கிறது. எனக்கு இருபத்தி ஆறு வந்தது. அந்தச் சூத்திரம் சராசரியாகச் சாப்பிட்டிருக்கும் வயிற்றுக்கானது. அந்த வரியை நானே கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். வெறும் வயிற்றில் வைன் இரைப்பையில் நிற்பதே இல்லை, நேராகக் குடலுக்கு, அங்கிருந்து ரத்தத்துக்கு. பெருமாளுக்காகக் காலியாக வைத்திருந்த வயிறு என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவில்லை. சாவியைத் திருப்பினேன். கேட்டைத் தாண்டியது நினைவிருக்கிறது, பிலோமினா கை அசைத்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் போலீஸ் தடுப்பு. நடுவில் என்ன என்பது, சரி, அது பிறகு.

தடுப்பில் எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. எஸ்.ஐ. ஆட்டோக்காரரை ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார், என் காருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “நீங்க போங்கம்மா,” என்று கையை வீசினார். போயிருக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா ஓட்டுநர்களும் போயிருப்பார்கள். ஆனால் ஆட்டோக்காரர் வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, “ஏனுங்க சார், மிசினு எங்களுக்கு மட்டுந்தானுங்களா? காருல வாரவங்க மூச்சே வுட மாட்டாங்களா?” என்றார். கேள்வி சரியான கேள்வி. சரியான கேள்வி யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் நகர்வது என்னால் முடிகிற காரியம் இல்லை. கண்ணாடியை இறக்கி, “அவர் சொல்றது நியாயம்தானே, என்கிட்டயும் கொடுங்க,” என்றேன். நியாயம் பாதி. மீதி இருபத்தி ஆறு. என் கணக்கு சரி என்று ஓர் அரசாங்கக் கருவியே சொல்லிக் கேட்க ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை. ஊதுவதற்கு முன்னால், இந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்றும் கேட்டேன். எஸ்.ஐ. என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் இவருக்கும் ஒரு பிரேமகுமாரி இருக்கிறாள் என்று தெரிந்தது. ஊதினேன். கருவி கத்தியது. நாற்பத்தொன்று. எஸ்.ஐ.யின் முகம் விழுந்ததைப்போல என் முகம் விழுந்திருக்காது. “மிசினு கோளாறும்மா, இன்னொருக்கா ஊதுங்க,” என்றார் கெஞ்சலாக. ஊதினேன், மறுபடி நாற்பத்தொன்று. ஆட்டோக்காரர் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்ததால் எஸ்.ஐ.யால் வேறொன்றும் செய்ய முடியவில்லை, எழுதினார். எழுதும்போது, “இப்பிடியெல்லாம் கேட்டு வாங்கி மாட்டுவாங்களாம்மா யாராச்சும்,” என்று வருத்தப்பட்டார். எங்கள் காலத்து ஆய்வகத்தில் கருவி கிடையாது, ஆரஞ்சு நிற டைக்ரோமேட் கரைசலில் ஆல்கஹால் பட்டால் பச்சையாக மாறும், அதை மாணவிகளுக்குக் காட்டும்போது ஒவ்வொரு வருஷமும் ஒருத்தியாவது ‘ஐ’ என்பாள். பச்சை அழகாகத்தான் இருக்கும். கருவி கத்துவதில் அழகு இல்லை.

வக்கீல் தேடியது அதைவிடப் பெரிய கூத்து. முதலில் போனது கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த அலுவலகம். அந்தப் பெரியவர் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, “பையன் வெளியூர்ல இருக்கானுங்களா? அப்ப யாருக்காகம்மா நீங்க தலையைக் குடுக்கறீங்க?” என்று ரகசியக் குரலில் கேட்டார். யாருக்காகவும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, என் தியாகத்தின் மேல் அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. இரண்டாமவர் காரியக்காரர், “ஒரு டிரைவரை நிறுத்திரலாமுங்க, அவன்தான் ஓட்டுனான்னு. ரெகுலரா வர்ற ஆள் இருக்குது,” என்றார். ரெகுலராக என்றால், எத்தனையோ பேருடைய குடியை ஒரே ஆள் குடித்திருக்கிறார் என்று ஆகிறது, அவருடைய கல்லீரலை நினைத்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவது பூபாலன். சின்ன அறை, சின்ன வயது, என்னை நம்பிய முதல் ஆள். குடித்தேன் என்றேன், சரிங்க என்றார். எனக்கு அழுகை வருவதுபோல இருந்தது. பிறகுதான் அவர் கேட்டார், அன்று என்ன கிழமை, என்ன மாதம், வீட்டில் என்ன வழக்கம் என்று. நானும் ஒரு பொழுது, பெருமாள், கவிச்சி இல்லை என்று விவரமாகச் சொன்னேன், விவரமாகச் சொல்வது என் வியாதி. பூபாலன் பேனாவைக் கீழே வைத்தார். “மேடம், இது போதுமுங்க. பெரிய காலேஜ்ல புரொபசர், புரட்டாசிச் சனிக்கிழமை விரதம், கோழிச் சாறு வாசம்கூடப் படாதவங்க. இவங்க குடிப்பாங்களான்னு ஒரே கேள்விதான் கேப்பேன். மிசினுதான் தப்புன்னு எந்த ஜட்ஜுக்கும் தோணும். போலீஸே மிசினு கோளாறுன்னு சொன்னதையும் எடுத்துவுடலாம்.” அந்த விரதத்தால்தானே அளவு ஏறியது என்றேன். அவர் புன்னகைத்தார். “அது உங்களுக்கும் எனக்கும் தெரியுமுங்க.” புனேயிலிருந்து என் மகன் நவநீதன் போன் செய்தபோது அவனும் இதையே சொன்னான், கொஞ்சம் வேறு மாதிரி. “வக்கீல் சொல்றதக் கேளும்மா. இல்லேன்னா லைசென்ஸ் போயிரும், அப்புறம் அந்தக் காட்டுல தனியா என்ன பண்ணுவே? பேசாம வீட்டைக் குடுத்துட்டு இங்க வந்துரு, உனக்குன்னு ஒரு ரூம் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கோம்.” என்ன நிறம் என்று கேட்டேன். க்ரீம் என்றான்.

க்ரீம் நிற அறை. வீடு ஊருக்கு மேற்கே, மலை தெரியும் தூரத்தில், பஸ் நினைத்தால் வரும் இடத்தில். மருந்து, பால், நூலகம், பல் டாக்டர், பிலோமினா, எல்லாவற்றுக்கும் கார்தான். நாச்சிமுத்து போன வருஷம், என் வயதில் யாரும் கற்றுக்கொள்ளாத நேரத்தில் கற்றுக்கொண்டேன், பயிற்சிப் பள்ளிக்காரர் கிளட்சைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார். இந்தக் கார் நின்றால் வீடு தீவாகும், தீவானால் நவநீதன் ஜெயிப்பான், ஜெயித்தால் நான் க்ரீம் நிறத்தில் உட்கார்ந்து பேத்திக்குத் தனிம வரிசை அட்டவணை சொல்லிக்கொடுப்பேன், அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாள். ஆகவே ‘இல்லை’. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஒரு சின்னப் பொய், அதையும் நான் விரித்துச் சொல்லப் போவதில்லை, ஒரு சொல் மட்டும், விரிப்பதெல்லாம் பூபாலன். பூபாலன் விரிக்கப்போகும் அந்தப் பிரேமகுமாரியை நினைத்துப் பார்க்கிறேன். நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு துளசித் தண்ணீர் குடிப்பவள், இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டாதவள், துவர்ப்பின் பெயர் தெரியாதவள். அவளுக்குத்தான் விடுதலை கிடைக்கும். அவளோடு மீதி ஆயுளைக் கழிக்க வேண்டியவள் நான். கர்வம் என்று பிலோமினா சொல்வாள். “குத்தத்துக்கும் கிரெடிட் வேணும் உனக்கு,” என்று போனில் சொல்லியே விட்டாள். இருக்கலாம். கர்வத்துக்காக வீட்டை இழப்பது முட்டாள்தனம், அதுவும் தெரிகிறது. கர்வம் மட்டும்தான் தடுக்கிறது என்றால் இந்நேரம் ‘இல்லை’ சொல்லப் பழகிக்கொண்டிருப்பேன். இன்னொன்று இருக்கிறது. கேட் நினைவிருக்கிறது, தடுப்பு நினைவிருக்கிறது. நடுவில்.

“ஏனுங்க மேடம்.” திரும்பினால் அந்த ஆட்டோக்காரர். பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, வெள்ளைச் சட்டைக்காரர் விட்டுவைத்த அரைச்சாணில் தன்னை நுழைத்துக்கொண்டார். “நாந்தான் வாயக் குடுத்து உங்கள மாட்டிவுட்டுட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க.” நானாகத்தான் ஊதினேன் என்றேன். “அது சரிதானுங்க. எனக்கு முப்பத்தெட்டு, உங்களுக்கு நாப்பத்தொண்ணு. எங்கூட்டுல சொன்னா நம்பவே மாட்டேங்கறா. டீச்சரம்மா ஒருத்தங்க எனக்கு மேல மூணு பாயிண்டுன்னு படத்தைக் காட்டுன பொறகுதான் வாய மூடுனா.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன், பெஞ்ச் கிளார்க் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். உங்களுக்கு வக்கீல் உண்டா என்று கேட்டேன். “எனக்கெதுக்குங்க? ஒத்துக்கிட்டு எந்திரிச்சுப் போக வேண்டியதுதான்.” லைசென்ஸ் போகுமே, ஆட்டோ என்ன ஆகும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, “மெயின் ரோட்டுக்கு வர மாட்டேனுங்க, சந்துக்குள்ளயே ஓட்டிக்குவேன். நீங்களும் சந்துல ஓட்டுங்க மேடம், ஒருத்தனும் கேக்க மாட்டான்,” என்றார். டவாலி “வெள்ளிங்கிரி” என்று கத்தினார். “நாந்தானுங்க,” என்று எழுந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார். ஒத்துக்கறேனுங்க. பேனா ஓடியது. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெளியே போனார், கட்டணக் கழிப்பறையிலிருந்து வருகிறவரின் நிம்மதியோடு. இவர் குடிப்பாரா என்ற ஒரே கேள்வியை இவருக்காக யாரும் கேட்க முடியாது. கேட்டால் பதில் முகத்திலேயே எழுதியிருக்கிறது என்பார்கள். என் முகத்தில் ‘இல்லை’ எழுதியிருக்கிறது, நான் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். சமத்துவம், நியாயம் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சந்தில் ஓட்டப்போகும் ஓர் ஆளுக்காக நான் லைசென்ஸை விடுவதாகச் சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

சரி, அதை எடுத்துப் பார்த்துவிடலாம். பிலோமினா வீட்டிலிருந்து தடுப்புவரை ஒரே சாலை. தெரிந்த சாலை. பிடிபட்ட மறுநாள் கார் போலீஸிடம் இருந்ததால் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன், அவள் வீட்டில் விட்டுவந்த குடையை எடுக்க. திரும்பி வரும்போது நூற்பாலைக்கு எதிரில் பஸ் எகிறியது. எகிறியது என்றால், எனக்கு முன்னால் இருந்த அம்மாளின் கூடையிலிருந்த தக்காளிகள் பஸ் முழுக்க ஓடின. “போன வாரந்தான் போட்டானுங்க இந்த வேகத்தடைய, அதுவும் இந்தப் பக்கத்து ரோட்டுக்கு மட்டும். பெயின்டும் அடிக்கல ஒண்ணும் அடிக்கல,” என்று கண்டக்டர் எல்லாருக்குமாகச் சொன்னார். “ஷிப்டு விட்டா புள்ளைங்க கூட்டமா குறுக்க வருதுங்க, அதுக்குன்னு போட்டது.” நான் ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் போட்டது. அப்படியானால் சனிக்கிழமை அது அங்கே இருந்திருக்கிறது. சனிக்கிழமை நான் அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறேன். பஸ்ஸையே தூக்கிப்போடும் மேடு என் சின்னக் காரை எப்படித் தூக்கியிருக்கும், தலை கூரையில் இடித்திருக்கும். எனக்கு நினைவில்லை. அப்போதிலிருந்து தேடுகிறேன். நூற்பாலையின் புகைக்கூண்டு நினைவிருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் அது வேறு நூறு நாள்களின் புகைக்கூண்டு. டீக்கடை விளக்கு, அதுவும் அப்படியே. அந்த ஒரு சாயங்காலத்துக்குச் சொந்தமாக எதுவுமே இல்லை, கேட், பிறகு டார்ச் வெளிச்சம். நடுவில் ஒரு காரை யாரோ ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், கியர் மாற்றியிருக்கிறார்கள், சரியாகவும் ஓட்டியிருக்கலாம். இருட்டும் நேரம், ஷிப்டு விடும் நேரம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்கள் கைகோத்துக் குறுக்கே வருவார்கள், நான் எத்தனையோ முறை நிறுத்திக் காத்திருக்கிறேன், ஒருத்தி எப்போதும் கையை உயர்த்தி நன்றி சொல்வாள். சனிக்கிழமை நிறுத்தினேனா? வந்தார்களா? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் தெரிந்திருக்கும், காரின் முன்பக்கத்தைப் போய்ப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. பார்த்தேன் என்பதை யோசிக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில், யாரும் பார்க்காதபோது, குனிந்து, என் காரின் பம்பரைக் கையால் தடவிப் பார்த்தேன். இருபத்தி ஆறா நாற்பத்தொன்றா என்பது கருவிக்கும் எனக்குமான விவகாரம். விரதமா வைனா என்பது பெருமாளுக்கும் எனக்குமானது. பம்பரைத் தடவியது யாரோடு சேர்ந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை நினைவு திரும்பலாம், இப்படிப்பட்டவை திரும்பும் என்று படித்திருக்கிறேன்; திரும்பாது, பதிவே ஆகாதது எப்படித் திரும்பும் என்றும் படித்திருக்கிறேன். இரண்டும் நல்ல நூல்கள்.

“பிரேமகுமாரி.” டவாலி கூப்பிட்டார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. பூபாலன் எங்கிருந்தோ கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டபடி முன்னால் வந்து நின்றார், என்னைப் பார்த்துக் கண்ணால் தைரியம் சொன்னார். கூண்டு நான் நினைத்ததைவிடத் தாழ்வு, கம்பி ஒட்டுகிறது, எத்தனை உள்ளங்கைகள். நீதிபதி வாசித்தார், தேதி, இடம், வண்டி எண், மது அருந்திய நிலையில் வாகனம் ஓட்டியதாக. ஓட்டியதாக என்றதும் எனக்குள் ஏதோ நின்றது. அருந்தியதைப் பற்றித்தான் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன், எல்லாரும் அதைத்தான் பேசினார்கள், இவர் குடிப்பாரா, இவர் குடிப்பாரா. யாராவது என்னிடம் ஓட்டினீர்களா என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். “குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா?” ‘இல்லை’ நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, க்ரீம் நிறம் கண்ணுக்குள் வந்தது, மலை வந்தது. “ஒத்துக்கறேன்,” என்றேன். பூபாலனின் தோள் இறங்கியது. “யுவர் ஆனர், எனது கட்சிக்காரர்,” என்று தொடங்கினார். நான் அவர் பக்கம் திரும்பி, “பூபாலன், போதும்,” என்றேன், வகுப்பில் பேசும் குரல் வந்துவிட்டது. நீதிபதி தலை நிமிர்ந்தார். “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். சொல்ல நிறைய இருந்தது. இரைப்பை, சூத்திரம், வேகத்தடை, துப்பட்டா. எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, அடிக்குறிப்புகளோடு, மனசுக்குள் வைத்திருந்தேன். “அந்த நூற்பாலைக்கு எதிர்ல இருக்கற வேகத்தடைக்கு யாராவது பெயின்ட் அடிக்கணும்,” என்றேன். “அது இந்தக் கோர்ட்டோட வேலை இல்லைம்மா,” என்றார், கடுமையாக இல்லை. பேனா ஓடியது. அபராதம், ஆறு மாதம். கல்லைத் தூக்கினார் கிளார்க், காகிதங்கள் கலைந்தன.

ஸ்டேஷனிலிருந்து காரை எடுத்துப் போக லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். பூபாலன் சாவியை வாங்கிக்கொண்டார். “ஜெயிச்சிருப்போமுங்க மேடம்,” என்றார். தெரியும் என்றேன். “இனி ஆறு மாசம் எப்பிடியுங்க?” தெரியாது என்றேன். அதற்குள் நவநீதன் கூப்பிட்டான். ஒத்துக்கொண்டேன் என்றதும், “சரி விடு, அப்ப வீட்டை வித்துரலாம், நான் வந்து எல்லாத்தையும் பாத்துக்கறேன்,” என்றான், பாவம், அவன் குரலில் ஜெயித்த சத்தம் இல்லை. “ஆறு மாசந்தாண்டா,” என்றேன். “பஸ் வர்ற நேரத்தை எழுதி வெச்சுக்கறேன். வராத நேரத்தையும்.” இந்தப் பேச்சு இன்னும் பலமுறை வரும், ஒருமுறை நான் தோற்கவும் தோற்கலாம், இன்றில்லை. பூபாலன் நன்றாகத்தான் ஓட்டினார். இடது பக்க இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தார், பின் கேரியரில் மடித்த கோணி. அடுத்த திருப்பத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள், ஒருத்தியின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. பால் வண்டிக்காரர், நடைபாதையிலிருந்து ஒரு காலை மட்டும் சாலையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்த பெண், குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்ட இளைஞன். ஒவ்வொருவரும் அவரவர் நிறத்தோடு கண்ணுக்குள் வந்து பதிந்தார்கள், யாரையும் தவறவிடவில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் என் வலது கால் தானாக இறங்கி, பிரேக் இல்லாத அந்த இடத்தை முழு பலத்தோடு மிதித்தது.